சோற்றை அரிசியாக்கிய படிவம்: ஊட்டச்சத்தியல் முனைவர் பட்ட ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் முதலாண்டு ஆய்வு மாணவி ஒருவர் தன் உணவுக் கணக்கெடுப்புப் படிவத்தைக் காட்டினார். உணவின் பெயருக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அச்சடித்த அதே படிவம்! தலைப்பை அகலமாக வைக்காதே, மேற்கோளைச் சரிபார் என்பதையெல்லாம் வழிகாட்டியே சொல்லிவிடுவார். சோற்றையும் அரிசியையும் ஒரே கட்டத்தில் எழுதாதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சோறா, அரிசியா?

"நேற்று எவ்வளவு சாப்பிட்டீர்கள், அக்கா?" என்று அளவுக் கிண்ணங்களை நீட்டுவேன். அவர் தொட்டுக்காட்டியதை கிராமாக்கி எழுதுவேன். சில வீடுகளில், "நாலு பேருக்கு இரண்டு டம்ளர் போடுவேன்" என்பார்கள். அதை நாலால் வகுத்து அதே கட்டத்தில் எழுதினேன். முன்னது சோறு, பின்னது அரிசி.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுக் கூறு அட்டவணையில் இருப்பது சமைக்காத அரிசியின் மதிப்பு: 100 கிராமுக்கு ஏறத்தாழ 356 கிலோகலோரி. வெந்தால் தண்ணீர் ஏறி எடை இரண்டரை, மூன்று மடங்காகும்; 100 கிராம் சோற்றில் 130 கிலோகலோரி அளவுதான் இருக்கும். 450 கிராம் சோற்றை அரிசியென்று கணக்கிட்டால் 1,600 வரும். உண்மையில் 600கூட வராது.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு சாப்பிடுகிறவர் 38 கிலோ எப்படி?" எந்த வரி சோறு, எந்த வரி அரிசி என்று பிரிக்கவும் வழியில்லை. பதினொரு மாத உழைப்பு வீண். மறுபடி வீடு வீடாகப் போனேன். "போன வருடமும் இதைத்தானே கேட்டாய்?" என்று ஒரு பாட்டி கதவைச் சாத்தினார். அவர் மேல் என்ன குற்றம்?

சோற்றுக்கு மட்டும் மூன்று கட்டம் வேண்டும்: உலையில் போட்ட அரிசி, வடித்த மொத்தச் சோறு, இவர் தட்டில் விழுந்தது. குழம்புக்கும் அதில் ஊற்றிய எண்ணெய்க்கும் இதே முறைதான்.

நெறிமுறைக் குழு

ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்காதீர்கள்.

புள்ளியியலாளர்

படிவம் அச்சுக்குப் போகும் முன் அவரைப் பாருங்கள்.

நாள் பார்ப்பது

அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் ஆடி வாரத்தில் கணக்கெடுத்தால் ஊரே கேழ்வரகு மட்டும் சாப்பிடுவதாகத் தெரியும். இதுவும் சொந்த அனுபவம்தான்.

நேற்று அந்த மாணவி புதிய படிவம் கொண்டுவந்தார். சோற்றுக்கு மூன்று கட்டம் போட்டிருந்தார். குழம்புக்கு இன்னும் ஒன்றுதான்.