சப்பாத்தில் தொடங்கி ஸ்பானியம்: காலணிச் சொற்களும் மரபுத்தொடர்களும்

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி வேலை எனக்கு. ஸ்பெயினில் காலணித் தொழிலுக்குப் பேர்போன எல்சே பக்கத்து ஆட்களோடு பேசிப் பேசிப் பழகிய சொற்கள் இவை.

முதல் படி: 'ஸப்பாத்தோ'. ஷூ என்று பொருள். இலங்கைத் தமிழர் சொல்லும் 'சப்பாத்து' போர்த்துகீசியம் வழியாக வந்தது. ஸ்பானியச் சொல்லும் அதற்கு உறவுதான். நம் 'த்து' ஒலியை அப்படியே விடுங்கள். ஆங்கிலப் பழக்கத்தில் 'ட்டோ' என்றால் காதுக்கு உறுத்தும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் முதல் எழுத்துக்கு நாக்கு பல்லிடுக்கில் வரும். லத்தீன் அமெரிக்காவில் வெறும் 'ஸ'.

இரண்டாம் படி: போத்தா என்றால் பூட்ஸ், ஸுவேலா சோல், தாகோன் ஹீல், கோர்தோனெஸ் லேஸ், சான்க்லா ரப்பர் செருப்பு. அல்பர்காத்தா என்பது கயிற்று அடிப்பாகம் வைத்த துணிச்செருப்பு, ஆங்கிலத்தில் எஸ்பாட்ரில். அந்தக் கயிறு திரிக்கும் எஸ்பார்த்தோ புல்தான் ஆங்கிலப் பெயருக்கும் வேர்.

மூன்றாம் படி, அளவு. சட்டைக்கு 'தாயா', ஷூவுக்கு 'நூமெரோ'. கடையில் "கே நூமெரோ கால்ஸா?" என்று கேட்பார்கள். 'கால்ஸார்' என்றால் காலில் அணிவது. லத்தீன் வேர்தான், ஆனாலும் நம் 'கால்' உள்ளே இருப்பதால் மறக்கவே மறக்காது.

நான்காம் படியான மரபுத்தொடர்தான் என்னைத் தடுக்கி விட்டது. பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் வாடிக்கையாளர் ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நோஸ் ஏமோஸ் புவேஸ்தோ லாஸ் போத்தாஸ்" என்றார். நேர்ப்பொருள், பூட்ஸ் போட்டுக்கொண்டோம். சாம்பிள் அறையிலிருந்து பூட்ஸ் ஜோடியை எடுத்துவரச் சொன்னேன். அவர் சொன்னது, வயிறு முட்டச் சாப்பிட்டோம் என்று! அன்றிரவு அகராதியில் 'போத்தா' தேடினால் முதலில் வந்தது திராட்சை மது ஊற்றிவைக்கும் தோல்பை. அது வேறு சொல். அடுத்த பதிவில்தான் பூட்ஸும், அதன் அடியில் 'போனெர்ஸே லாஸ் போத்தாஸ்' தொடரும் இருந்தன. ஆசை தீர அனுபவிப்பது, பெரிய லாபம் பார்ப்பது, இரண்டுக்கும் ஆகும்.

அதனால் தொடரைச் சொல் சொல்லாகப் பெயர்க்காதீர்கள். அதிலுள்ள பெயர்ச்சொல்லின் கீழ் கடைசிவரை படியுங்கள். இதற்கு ஸ்பானிய அரச அகாடமியின் இணைய அகராதிதான் என் தேர்வு; இலவசம். மொழிபெயர்ப்புச் செயலியை மரபுத்தொடருக்கு நம்பவே மாட்டேன்.

ஆங்கில இணைத்தொடரிலும் ஷூ இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'நோ யெகார்லே ஆ லா ஸுவேலா தெல் ஸப்பாத்தோ': ஒருவரின் ஷூ அடிக்குக்கூட எட்டாதவர். ஆங்கிலத்தில் அது மெழுகுவத்தி ஆகிவிடும்: 'கான்ட் ஹோல்ட் எ கேண்டில் டு'. நமக்கோ 'கால் தூசிக்கு ஈடாக மாட்டான்' கையிலேயே இருக்கிறது. ஸ்பானியத்துக்கு ஆங்கிலத்தைவிட நாம்தான் கிட்டே. புது ஷூ கிடைத்த பிள்ளைபோல் பூரிப்பது 'கோமோ நீன்யோ கோன் ஸப்பாத்தோஸ் நுவேவோஸ்'. ஆங்கிலத்தில் புதுப் பொம்மை கிடைத்த குழந்தை.

எனக்கு மிகப் பிடித்தது 'ஓர்மா'. ஷூவின் மேல்பகுதியான அப்பரை இழுத்துப் பொருத்தும் அச்சு. ஆம்பூரில் எல்லாரும் 'லாஸ்ட்' என்போம். 'என்கோன்த்ரார் லா ஓர்மா தெ ஸு ஸப்பாத்தோ', தன் ஷூவுக்கான லாஸ்டைக் கண்டடைவது, அதாவது வல்லவனுக்கு வல்லவனைச் சந்திப்பது. ஆங்கிலத்தில் 'மீட் ஒன்ஸ் மேட்ச்'. இங்கே மறைந்த லாஸ்ட் இன்னொன்றில் வந்துவிடுகிறது: 'ஸப்பாத்தேரோ, ஆ துஸ் ஸப்பாத்தோஸ்' என்பதற்கு ஆங்கிலம் 'காப்ளர், ஸ்டிக் டு யுவர் லாஸ்ட்'. தெரிந்த தொழிலோடு நில் என்று அர்த்தம். கிரேக்க ஓவியர் அபெல்லெஸின் படத்தில் செருப்புக் குறையைச் சொன்ன செருப்புத் தொழிலாளி, மறுநாள் படத்திலுள்ள காலின் வடிவத்தையும் குறை சொல்ல, செருப்புக்கு மேல் போகாதே என்றாராம் அபெல்லெஸ். பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த கதை.

பின்சேர்க்கை: 'ஸப்பாத்தீயா' எங்கே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஸ்பெயினில் அது வீட்டுச் செருப்பு, ஸ்போர்ட்ஸ் ஷூ இரண்டுக்கும் ஆகும். மெக்சிகோவில் அது பெண்களின் ஹீல்ஸ் ஷூவைக் குறிக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு 'தெனிஸ்'. ஆர்டர் தாளில் இதை மாற்றி எழுதினால் பெட்டியில் வேறு சரக்கு போய்விடும்.