அல்வாவைக் கண்டதும் கை போகிறதா? கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்

வீட்டுக்கு வாங்கி வந்த அரைக்கிலோ அல்வா விடிவதற்குள் காலி. பசி இல்லை, பாதிக்கு மேல் ருசிகூடத் தெரியவில்லை, எல்லாரும் படுத்த பிறகு அடுக்களையில் நின்றபடியே தின்கிறீர்கள், போதும் என்று நினைத்தும் கை நிற்கவில்லை, அப்புறம் உங்கள் மேலேயே ஒரு வெறுப்பு. வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி மூன்று மாதமாக நடக்கிறது என்றால் யாரும் உங்களைத் தீனிப்பண்டாரம் என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டிலேயே இது ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்’ (binge eating disorder) என்ற தனி நோயாக இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு நாள் சொதி சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிடுவது இதில் சேராது.

ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதற்கென்று ஒரு குழுச் சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். பண்டத்தைக் கண்டதுக்கும் கை நீளுவதுக்கும் நடுவே ஒரு இடைவெளியை உண்டாக்குவதுதான் அதன் குறி. அந்த வழியில் வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நேற்று ராத்திரி தின்றதுக்குத் தண்டனையாக இன்று காலை இட்லியை விட்டால், சாயங்காலம் எந்த மனக்கட்டுப்பாடும் நிற்காது. மூன்று மணி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது வயிற்றுக்குள் போகணும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி விரதம் இருக்கிறவர்கள் இந்தப் பிரச்சினை இருக்கும்வரை பாலும் பழமுமாவது எடுத்துக்கொள்ளுங்கள், முருகன் கோபிக்க மாட்டான்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டோம் என்பதை மட்டும் எழுதினால் போதாது, அதுக்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது, எங்கே இருந்தீர்கள், மனசு எப்படி இருந்தது என்பதையும் எழுதணும். ரெண்டு வாரத்தில் வழக்கம் பிடிபடும்: வேலை முடிந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், வீட்டில் சண்டை போட்ட ராத்திரி, சம்பள நாள், இப்படி ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும்.

பிடிபட்டதும் அந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘இனி தின்ன மாட்டேன்’ என்று எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘டிவி முன்னால் உட்கார்ந்ததும் மிக்சர் சம்படம் ஞாபகம் வந்தால், எழுந்து மொட்டைமாடிக்குப் போய் அக்காவுக்குப் போன் போடுவேன்’ என்று கை என்ன செய்யணும் என்பது வரைக்கும் எழுதணும். சில வாரங்களுக்கு டவுண் ரதவீதியில் அல்வாக் கடை இல்லாத பக்கமாக நடங்கள், கிலோக் கணக்கில் வாங்குவதை நிறுத்துங்கள். அம்மாவோ ஆச்சியோ பலகாரத்தை ஒளித்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒளித்தால் தேடத்தான் தோன்றும்.

இனிதான் முக்கியமான பயிற்சி. சாப்பிட்டு முடித்து வயிறு நிறைந்திருக்கும்போது, நம்பிக்கையான ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூறு கிராம் அல்வாவோடு உட்காருங்கள். பொட்டலத்தைப் பிரியுங்கள். தாளில் நெய் ஊறியிருப்பதைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஒரு விள்ளல் எடுத்து உதடு வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கீழே வையுங்கள். வாயில் எச்சில் ஊறும், நெஞ்சு படபடக்கும். ஆசை நூற்றுக்கு எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதுங்கள். போனைப் பார்க்கக் கூடாது, பேச்சை மாற்றவும் கூடாது, அந்த ஆசையோடேயே இருக்கணும். எண்பது தொண்ணூறு வரை ஏறும், இது இறங்கவே போவதில்லை என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கத் தொடங்கிவிடும். பாதியாவது இறங்கும் முன் எழுந்துவிடாதீர்கள், ஏனென்றால் தின்னாமலே ஆசை அடங்கும் என்பதை உடம்பு நேரில் பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடும். அப்புறம் அல்வாவை வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இதையே பல தடவை செய்யணும், நன்றாகப் பழகிய பிறகு தனியாகவும் செய்து பார்க்கலாம். அல்வாவை ஆயுசுக்கும் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. வேறொரு நாள் தட்டில் ஒரு துண்டு வைத்து, உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுங்கள்.

நடுவில் ஒரு ராத்திரி தவறினால் நோட்டில் எழுதிவிட்டு, மறுநாள் காலைச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

தின்றதை வாந்தி எடுக்கிறவர்கள், பேதி மாத்திரை போடுகிறவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போது எழுதிய நோட்டையும் கையோடு எடுத்துப்போங்கள், வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதை நீட்டினாலே போதும்.