எழுத்தை வைத்து ஆங்கிலச் சொல் தேடும்போது சறுக்குகிற இடங்கள்

'எக்ஸ் வருகிற மாதிரி ஐந்தெழுத்துச் சொல் ஒன்று சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் எக்ஸில் தொடங்கும் சொல்லைத்தான் யோசிப்பார்கள். எக்ஸ்ரே வரும், அதோடு வண்டி நின்றுவிடும். ஆங்கிலத்தில் எக்ஸ் முதலில் வருவது அபூர்வம். நடுவிலும் கடைசியிலும்தான் அதற்கு வேலை: பாக்ஸர், டாக்ஸிக், ரிலாக்ஸ், இண்டெக்ஸ். ஓர் எழுத்து 'வரவேண்டும்' என்றால் 'முதலில் வரவேண்டும்' என்று மனசு தானாக மாற்றிக்கொள்கிறது. முதல் சறுக்கல் அதுதான்.

அடுத்தது காதை நம்புவது. மண்டபம், பாம்பன், தொண்டி என்று கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடல் சம்பந்தமான ஆங்கிலச் சொற்கள் சட்டென்று வாயில் வரும். ஏமாற்றுவதும் அவைதான். நங்கூரத்துக்கு ஆங்கர். காதில் 'க' கேட்கிறதே என்று கே உள்ள சொற்களில் தேடினால் கிடைக்காது, அதில் இருப்பது சி-எச். கயிற்று முடிச்சைச் சொல்லும் நாட் என்ற சொல்லில் கே இருக்கிறது, ஆனால் காதில் விழாது. உல்லாசப் படகான யாட் ஐந்தெழுத்து: ஒய்-ஏ-சி-எச்-டி. நடுவில் உள்ள சி, எச் இரண்டும் ஊமை. மன்னார் வளைகுடாவில் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளைப் பற்றிப் பேசும்போது ஐலண்ட், ஐலண்ட் என்கிறோம். எஸ் உள்ள சொல் கேட்டால் அது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

எழுத்துச் சில்லுகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் கியூ கையில் வந்தால் யூ இல்லையே என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. கீழக்கரை, ஏர்வாடிக்காரர்கள் அப்படித் தவிக்கவே வேண்டாம். அங்கே அன்றாடம் புழங்கும் அரபுச் சொற்கள் பலவும் ஆங்கில அகராதிக்குள் போய்விட்டன. நிகாப் என்பது என்-ஐ-கியூ-ஏ-பி. பக்கீரைக் கே போட்டும் எழுதலாம், கியூ போட்டும் எழுதலாம். இரண்டெழுத்தில் வேண்டுமென்றால் சீனத்திலிருந்து வந்த கியூ-ஐ இருக்கிறது. ஸ்கிராபிளில் கியூவுக்கு 10 புள்ளி, அதைக் கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நஷ்டம்.

நிறையப் பேருடைய நேரத்தைத் தின்கிற தவறு வேறு. கேள்வியே தெளிவாக இருக்காது. சி, ஓ, ஆர் ஆகிய மூன்றும் உள்ள சொல் வேண்டும் என்றால் எந்த அர்த்தத்தில்? அதே வரிசையில் ஒட்டியபடி வரவேண்டுமா? அப்படியானால் ரெக்கார்ட், ஸ்கார்ன். முன்பின்னாக எங்கே இருந்தாலும் சரியா? அப்போது ராக், கிரவுட் எல்லாம் சேரும். கையில் இருக்கிற எழுத்துகளை மட்டும் வைத்து அமைக்க வேண்டுமா? அது மூன்றாவது கேள்வி. சி, ஓ, ஆர், ஏ, எல் இருந்தால் பவளப்பாறையான கோரல் கிடைக்கும், அதே எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் கேரல் என்கிற கிறிஸ்துமஸ் பாட்டு. அவற்றிலேயே துடுப்புக்கான ஓர் என்ற மூன்றெழுத்துச் சொல்லும் இருக்கிறது.

சொல் தேடும் தளங்களில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். வடிவத்தை வைத்துத் தேடுகிற தளத்தில் கேள்விக்குறி என்பது அந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்து என்று பொருள். சி, கேள்விக்குறி, ஆர், கேள்விக்குறி, எல் என்று தட்டினால் கோரலும் கேரலும் வரும். ஸ்கிராபிளுக்கான தளத்தில் அதே குறி வெற்றுச் சில்லு, அதாவது எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய சில்லு. வரிசையைக் கண்டுகொள்ளாமல் அது ஒரு மூட்டைச் சொல்லைக் கொட்டும். நட்சத்திரக்குறி பெரும்பாலான தளங்களில் எத்தனை எழுத்துக்கும் நிற்கும், ஒன்றுமே இல்லாததற்கும் நிற்கும். தட்டுவதற்கு முன் அந்தத் தளத்தின் உதவிக் குறிப்பை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வலைக்கண் அளவு தெரியாமல் வலை வீசினால் சாளைக்குப் போனவனுக்குப் பாசிதான் மிஞ்சும்.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கிற இணைய விளையாட்டான வேர்டிலில் வேறு வகைத் தொல்லை. அதில் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, வேறு இடத்தில் இருக்க வேண்டியதென்றால் மஞ்சள், மற்றது சாம்பல். ஓர் எழுத்து பச்சையாகிவிட்டால் அது மறுபடி வராது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆவுளியாவுக்கு ஆங்கிலத்தில் டுகாங், அதில் ஜி இரண்டு. ஐந்தெழுத்துச் சொற்களிலும் இப்படி இரட்டிப்பவை ஏராளம். சாம்பல் நிறத்தையும் தப்பாகப் படிக்கிறோம். விடை கோரல் என்று வையுங்கள். நீங்கள் அலாய் என்று ஏ-எல்-எல்-ஓ-ஒய் போடுகிறீர்கள். முதல் எல் மஞ்சளாகும், இரண்டாவது எல் சாம்பலாகும். விடையில் எல்லே இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. எல் ஒன்றுதான், இரண்டு கிடையாது என்று பொருள்.

ஏ, ஈ, ஐ, ஓ, யூ இல்லாமல் சொல்லே இல்லை என்பதும் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட நம்பிக்கை. மித், லின்க்ஸ், கிரிப்ட், நிம்ஃப் எல்லாம் ஒய்யை வைத்தே பிழைக்கின்றன.

பள்ளிக்கூடம் தந்த இன்னொரு சிக்கல் பிரிட்டிஷ் எழுத்துமுறை. நாம் ஹார்பர், கலர் இரண்டிலும் யூ போட்டு எழுதப் பழகியவர்கள். வேர்டிலை 2021-ல் வெளியிட்ட ஜோஷ் வார்டில் பிரிட்டனில் பிறந்தவர் என்றாலும் விளையாட்டு அமெரிக்க எழுத்துமுறையில்தான் ஓடுகிறது. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய பிறகும் அப்படியே. அதனால்தான் இரண்டாவது யூ இல்லாத ஹ்யூமர் ஐந்தெழுத்தாக வந்து ஆளைக் கவிழ்த்தது.

ஸ்கிராபிளில் சண்டை வருவது அகராதியால். பிரிட்டனிலும் இன்னும் பல நாடுகளிலும் காலின்ஸ் பட்டியல், அமெரிக்காவில் வேறு பட்டியல். இசட்-ஓ முன்னதில் செல்லும், பின்னதில் செல்லாது. எதை வைத்து ஆடுகிறோம் என்று சில்லு எடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன் போன்ற ஊர்ப் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் செல்லாது. மொத்தம் 100 சில்லில் ஈ 12, எஸ் வெறும் 4. அந்த எஸ்ஸை ஒரு சின்னச் சொல்லைப் பன்மையாக்க வீணடிக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

அப்புறம் வளைகுடாவில் ஆள் இருக்கிற குடும்பங்களுக்கு ஒன்று. வேர்டிலில் அந்தத் தேதிக்கு எல்லாருக்கும் ஒரே சொல்தான், அது அவரவர் ஊர் நள்ளிரவில் மாறும். நமக்கு மணி பன்னிரண்டு என்றால் துபாயில் இருக்கும் காக்காவுக்கு (அண்ணனுக்கு) பத்தரைதான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொல்லைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள், எழுத்தில்லாத நிறக் கட்டங்களை மட்டும் அனுப்புங்கள்.