‘ஒருவருக்கும் சொல்லாதே’: இந்த வசனத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய கையோடு, இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று இயேசு கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார் (மாற்கு 1:40-45). வேதபாட வகுப்பில் இந்தப் பகுதி வந்தால், “எவ்வளவு தாழ்மை பாருங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தாழ்மை மட்டுமே காரணம் என்றால், எரிகோவில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே பர்திமேயு என்ற குருடனைக் கூப்பிட்டு ஏன் பார்வை தந்தார்?

பெரிய தவறு, வசனத்தைப் பாதியில் நிறுத்துவதுதான். சொல்லாதே என்றதோடு அவர் முடிக்கவில்லை. போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்கிறார். லேவியராகமம் 13-ன்படி குஷ்டரோகி பாளயத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும். 14-ம் அதிகாரத்தில் அவன் திரும்பி வரும் வழி இருக்கிறது: ஆசாரியன் பார்க்க வேண்டும், இரண்டு குருவிகள், ஏழு நாள் காத்திருப்பு, எட்டாம் நாள் பலி. தோல் சுகமானால் மட்டும் போதாது. ஆசாரியன் சுத்தமென்று சொன்னால்தான் அவனை ஊர் சேர்த்துக்கொள்ளும். பேச்சு முந்திக்கொண்டால் அந்த வேலை கெடும். அவனுடைய நன்மைக்காகவே வாயைக் கட்டினார் என்று நான் வாசிக்கிறேன்.

எல்லா இடத்துக்கும் ஒரே காரணம் தேடுவதும் சரிப்படாது. பிசாசு பிடித்திருந்த கதரேனர் நாட்டு மனிதனிடம், உன் வீட்டாரிடம் போய்ச் சொல் என்கிறார் (மாற்கு 5). அது புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், வாழ்ந்த பகுதி, அங்கே மேசியாவை (யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரை) ராஜாவாக்கும் ஆபத்து இல்லை என்று விளக்குவார்கள். ஆனால் அந்த நாடு சேர்ந்த அதே தெக்கப்போலிப் பகுதியில் ஒரு செவிடனைச் சுகமாக்கியபோது சொல்லக்கூடாது என்கிறார் (மாற்கு 7). ஒரு வித்தியாசம் உண்டு: கதரேனர் அவரைத் தங்கள் எல்லையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் போன பிறகு அங்கே சொல்ல அந்த மனிதன் ஒருவன்தான் இருந்தான்.

ராஜாவாக்கும் ஆபத்து வெறும் ஊகமில்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்ததும் ஜனங்கள் அவரைப் பலவந்தமாய் ராஜாவாக்கப் பார்த்தார்கள், அவர் தனியே மலைக்கு விலகினார் (யோவான் 6:15).

ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மரித்த மகளை எழுப்பியபோதும் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றார் (மாற்கு 5). அவள் எழுந்ததை எப்படி மறைப்பது? வீடு நிறைய அழுதுகொண்டிருந்தார்களே! 1901-ல் வில்லியம் வ்ரேட என்ற ஜெர்மானிய அறிஞர், இந்த இரகசியம் பிற்காலக் கிறிஸ்தவர்களின் விளக்கம் என்று வாதிட்டார். அந்தக் கேள்வியைத் தட்டிவிடாதீர்கள். ஆனாலும் குஷ்டரோகி விஷயத்தில் விளைவை மாற்கே எழுதிவைத்திருக்கிறார். அவன் போய் எங்கும் பிரசித்தம்பண்ணினான். அதன்பின் இயேசுவால் வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போக முடியவில்லை. அவன் இருந்த இடம் போலவே, ஊருக்கு வெளியே வனாந்தரத்தில் தங்கினார். அங்கேயும் எல்லாத் திசையிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள்.