கேம் பேட்டன்ட்டைப் பார்த்ததும் பதறாமல் படிப்பது எப்படி

எங்களுடைய இருவர் ஆடும் கேமில் ஒரு வசதி இருந்தது. ஆட்டக்காரர்கள் விலகிப் போனால் திரை நடுவில் பிளந்துகொள்ளும், அருகே வந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் கூட்டாளி பதறிப்போய் வந்தான்: "டேய், இதுக்கு யாரோ பேட்டன்ட் வச்சிருக்காங்களாம்!" தலைப்பை மட்டும் பார்த்தோம். அன்று ராத்திரியே ஆறு வார வேலையைத் தூக்கிப் போட்டோம். மூன்று மாதம் கழித்துத்தான் அந்த ஆவணத்தை உட்கார்ந்து படித்தேன். ஆட்டக்காரர்கள் நிற்கும் திசைக்கு ஏற்பப் பிரிகோடு சுழல வேண்டும் என்று அதில் இருந்தது. எங்களுடையது அசையாமல் நட்டுக்குத்தாக நிற்கும் கோடு!

அந்த முட்டாள்தனத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறை இது. (காப்புரிமை என்று எழுதினால் பாதிப் பேர் காப்பிரைட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.)

முதலில் தலைப்பு, சுருக்கம், படங்கள் எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள். பெரும்பாலும் கடைசியில், எண் போட்டு வரிசையாக கிளைம்கள் (எது தங்களுக்கு உரியது என்று உரிமை கோரும் வாக்கியங்கள்) இருக்கும். சட்டப்படி வேலி அதுதான். மற்றதெல்லாம் விளக்கவுரை. இன்னொரு கிளைமைச் சுட்டாமல் தனித்து நிற்கும் கிளைம்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக உடைத்து எழுதுங்கள். பொதுவாக, அதிலுள்ள எல்லாத் துண்டுகளும் உங்கள் கேமில் இருந்தால்தான் மீறல். ஒன்று இல்லையென்றாலும் வேலிக்கு வெளியே நிற்கிறீர்கள். ஆனால் பெயரை மாற்றிவிட்டு அதே வேலையை அதே விதத்தில் செய்தால் அது "இல்லை" என்று ஆகாது.

பழகிப் பார்க்க ஜப்பானிய கேம் நிறுவனமான நாம்கோவின் பேட்டன்ட் நல்லது. கேம் ஏறும்வரை காத்திருக்க வைக்கும் லோடிங் திரையில் குட்டி கேம் ஆடவிடும் யோசனை. அமெரிக்காவில் 1998-இல் கிடைத்தது, 2015-இல் காலாவதியானது. உடைத்துப் பார்த்தால்: சின்ன துணை கேம் ஒன்று முதலில் ஏற வேண்டும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முதன்மை கேம் பின்னால் ஏற வேண்டும். பேட்டன்ட் உயிரோடு இருந்த காலத்திலேயே, 2009-இல் வந்த பேயோனெட்டா என்ற சண்டை கேம் லோடிங் நேரத்தில் அடிகளைப் பழகவிட்டது. அது தனி கேம் இல்லை, அதே கேமின் பயிற்சி. வேலி எவ்வளவு குறுகலானது என்று இதில் தெரியும். ஆனாலும் டிஸ்க் மெதுவாகச் சுழன்ற அந்தக் காலம் முழுக்க நாம் வெறும் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதையும் மறக்க முடியவில்லை. பேட்டன்ட் முடிந்தபோது டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் வந்து, லோடிங்கே சுருங்கத் தொடங்கியிருந்தது.

அடுத்தது தேதி. பேட்டன்ட் கிடைத்த நாளைப் பார்த்து ஏமாறாதீர்கள். மனுப்போட்ட நாளிலிருந்துதான் பொதுவாக 20 வருடக் கணக்கு. பிறகு அதன் "குடும்பத்தை" பாருங்கள். ஒரே மூல மனுவிலிருந்து பிற்பாடு பிரித்து எடுத்த மனுக்கள் இருக்கும். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் பால்வேர்ல்ட் என்ற கேம் வெளியானது 2024 ஜனவரியில். அந்த வருடம் செப்டம்பரில் போகிமான் கேம்களை வைத்திருக்கும் நின்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் அதன்மேல் டோக்கியோவில் வழக்குப் போட்டன. அதில் வைத்த மூன்று பேட்டன்ட்டுகளும் பால்வேர்ல்ட் வந்த பிறகு பிரித்து மனுப்போட்டவை. மூல மனுவோ 2021-ஐச் சேர்ந்தது. அதாவது, எதிராளியின் கேமைப் பார்த்த பிறகும் கிளைமைச் செதுக்கலாம், மூலத்தில் அதற்கு ஆதாரம் இருந்தால் போதும். வேலி இங்கே முடிகிறது என்று நினைத்து வீடு கட்டினால், வேலி நகர்ந்து வரும்.

பால்வேர்ல்ட் என்ன செய்தது என்பதும் பாடம்தான். உருண்டையை எறிந்து பிராணியை வரவழைப்பதை எடுத்துவிட்டு, ஆட்டக்காரர் பக்கத்திலேயே அது தோன்றும்படி மாற்றினார்கள். பிராணியைப் பிடித்துக்கொண்டு மிதந்ததை மாற்றி, கிளைடர் கருவி கொடுத்தார்கள். ஒரு துண்டைப் பிடுங்கினால் போதும் என்று நான் மேலே சொன்னது இதுதான். ஆனால் ஆடியவர்களுக்கு அந்த எறிதலில்தான் ருசியே இருந்தது.

மூன்றாவது, நாடு. பேட்டன்ட் அதைக் கொடுத்த நாட்டுக்குள்தான் செல்லும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் உலகம் முழுக்க விற்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல் இல்லை. அமெரிக்காவும் ஜப்பானும் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் தெரிந்தே மீறினால் நஷ்டஈடு மூன்று மடங்கு வரை போகலாம். அதனால் "பேட்டன்ட்டைப் படிக்கவே படிக்காதே" என்று சொல்லும் வக்கீல்களும் உண்டு. அடுத்தவர் கற்றுக்கொள்ளட்டும் என்று வெளிப்படையாக எழுதவைக்கும் ஏற்பாட்டை, யாரும் திறந்து பார்க்காதே என்று பூட்டுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நான் படிக்கிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் சாட்டில் எழுதாமல் நேரே வக்கீலிடம் போகிறேன்.

அப்புறம், உங்கள் சொந்த யோசனைகளைத் தேதியோடு வெளியிடுங்கள். ஒரு வீடியோ, ஒரு டெமோ போதும். ஒருவர் மனுப்போடுவதற்கு முன்பே அது பொதுவில் இருந்தால், அந்த மனுவைத் தடுக்க அதுவே ஆதாரம். நீங்களே பேட்டன்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் முதலில் வாயை மூடிக்கொள்ள வேண்டும், பல நாடுகளில் வெளியிட்டபின் மனுப்போட முடியாது.

எதிரிகள் ஆட்டக்காரரோடு நடந்த மோதலை நினைவில் வைத்துக்கொள்ளும் வார்னர் பிரதர்ஸின் நெமெசிஸ் முறை 2014-இல் ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமில் வந்தது. பேட்டன்ட் 2021-இல் கிடைத்தது, 2036 வரை செல்லும். அதைச் செய்த மோனோலித் ஸ்டூடியோவை 2025-இல் மூடிவிட்டார்கள். அந்த கிளைம்கள் நீளமானவை, வளைந்து போக இடம் உண்டு. ஆனாலும் நினைவாற்றல் உள்ள எதிரி என்று யாராவது ஆரம்பித்தாலே, "அது பேட்டன்ட் ஆச்சே" என்று அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது.

எங்கள் பிளவுத் திரையைத் திரும்பச் சேர்த்துவிட்டோம், நேர்கோட்டோடு. ஆட்டக்காரர்கள் நிற்கும் திசைக்கு ஏற்ப அந்தக் கோட்டைச் சாய்த்தால் இன்னும் அழகாக இருக்கும் என்று கூட்டாளி சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வது சரிதான். பேட்டன்ட் முடிய இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.