கொலு வீட்டில் கர்பா விளக்கு
குஜராத்தில் நவராத்திரி இரவுகளில், உள்ளே தீபம் எரியும் துளையிட்ட மண்கலயத்தைச் சுற்றி ஆடப்படும் கர்பாவை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புதுச்சேரியில் கொலு நாள்களிலேயே இதையும் செய்யலாம். வில்லியனூர்ப் பக்கத்துக் குயவரிடம் முன்கூட்டியே சொல்லி, மண் முழுதும் காயுமுன்பே துளைகளை இடச் செய்யுங்கள். சுட்டபின் துளைத்தால் கலயம் விரிசல் விடும் (எங்கள் முதல் கலயம் அப்படித்தான் போயிற்று). அடியில் ஒரு பிடி மணல் பரப்பி, அகலை அதன்மேல் அசையாமல் அமர்த்தி, திரியைச் சிறிதாக வையுங்கள். பெரிய சுடர் புகையைத்தான் கிளப்பும். கலயத்தை நடுவில் வைத்து வட்டமாக நின்று, இடஞ்சுழியாக அடியெடுத்து, தாளத்துக்கேற்பக் குனிந்து நிமிர்ந்து கைதட்டுங்கள். கோலாட்டம் தெரிந்தவர்களுக்கு, கோல்களைத் தட்டி ஆடும் குஜராத்தின் தாண்டியா எளிதில் கைவரும். வழக்கப்படி அதை ஆரத்திக்குப் பிறகு ஆடலாம்.