வலியைக் கேட்பது எப்படி? புதிதாக வார்டுக்கு வரும் நர்ஸ்களுக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கத்து வார்டுகளில் ஒரு பதிலை அடிக்கடி கேட்பீர்கள்: "பரவாயில்ல சிஸ்டர்." நாள் முழுக்கச் சரிவில் நின்று தேயிலை பறித்து, மூட்டை சுமந்து பழகிய அம்மாக்கள் வலியைச் சொல்லத் தயங்குவார்கள். அதை நம்பி நகர்ந்துவிடாதீர்கள்.

முதலில், கேள்வியை மாற்றுங்கள். "இருமினா வலிக்குதா? திரும்பிப் படுக்க முடியுதா? ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். அப்புறம் எங்கே, எப்போதிருந்து, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது என்று கேளுங்கள். எரிச்சல், கரண்ட் அடித்த மாதிரி என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். சாதாரண மாத்திரைக்கு அது எளிதில் அடங்காது. முறுக்கிப் பிடிக்கிறது என்றால் குடலோ சிறுநீர்க் குழாயோ காரணமாகலாம். அவர் சொன்ன சொல்லையே குறிப்பேட்டில் எழுதுங்கள். படுகர்களின் படுகு மொழி மட்டும் பேசும் பாட்டி என்றால் வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி மட்டும் தனி. வியர்வையோடு இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் வெறும் 'கேஸ்' (வாயுத் தொல்லை) என்று விடாதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிட்டு ஈசிஜி எடுங்கள். கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் மலைப்பாதையிலேயே நிறைய நேரம் போய்விடும்.

அடுத்து அளவு. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. எண் வராதவர்களுக்கு முகப் படங்களைக் காட்டுங்கள். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை கொடுங்கள். நாடித்துடிப்பும் பிரஷரும் சரியாக இருப்பதால் வலி இல்லை என்று ஆகாது. 1968-லேயே மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்க நர்ஸ், அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி என்று வரையறுத்தார். என் வேலைக்கு அடிப்படையே அதுதான்.

இப்போது ஆற்றுவது. வயிற்றில் தையல் இருந்தால், இருமும்போது தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்தக் குளிரில் எல்லோரும் வெந்நீர்ப் பை கேட்பார்கள். துண்டில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு வேண்டவே வேண்டாம், சுட்டாலும் தெரியாது. புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்கு ஐஸ்தான்.

மருந்து டாக்டர் எழுதியபடி. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4 கிராம். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு. வீட்டில் போட்டு வந்த மாத்திரையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கட்டு மாற்றப் போகிறீர்கள் என்றால், மருந்து வேலை செய்ய நேரம் விட்டு முன்னதாகவே கொடுங்கள். மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தைக் கொடுத்தால் மூச்சை எண்ணுங்கள், அளவுக்கு மீறித் தூங்குகிறாரா என்றும் பாருங்கள்.

பலர் விட்டுவிடும் படி இதுதான்: திரும்பப் போய்க் கேட்பது. ரத்தக் குழாயில் ஊசி போட்டால் அரை மணிக்குள், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில். குறையாவிட்டால் டாக்டரிடம் "வலிக்குதாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "6 இருந்தது சார், ஊசி போட்டு அரை மணி ஆச்சு, இன்னும் 6-தான், திரும்பிப் படுக்க முடியல" என்று சொல்லுங்கள்.